வெளியுறவு அமைச்சகத்தின் கணக்கும் கடைக்கோடித் தொழிலாளியும்: நாடாளுமன்ற நிலைக்குழு கேட்பவை, நாம் கேட்க வேண்டியவை

வெளியுறவு அமைச்சகம் என்றதும் பிரதமரின் வெளிநாட்டுப் பயணம், எல்லைப் பேச்சுவார்த்தை, ஐ.நா. அவை உரை ஆகியவையே பலருக்கும் நினைவுக்கு வருகின்றன. சமூக நீதி அமைச்சகத்தின் ஒதுக்கீட்டையும் ஆதிதிராவிடர் நலத்துறையின் செலவையும் ஆண்டுதோறும் கணக்கிட்டுப் பார்க்கும் தலித் இயக்கங்கள்கூட வெளியுறவு அமைச்சகத்தின் கணக்கைப் புரட்டிப் பார்ப்பது அரிது. அது மேல்தட்டினரின் அமைச்சகம், நமக்கு அங்கு வேலையில்லை என்ற எண்ணம் ஆழப் பதிந்துள்ளது. அந்த எண்ணத்தைக் களைய வேண்டிய தேவை இருப்பதாக நாம் கருதுகிறோம். அந்த அமைச்சகத்தின் செலவையும் பணியிடங்களையும் நாடாளுமன்றம் எவ்வாறு ஆராய்கிறது, அந்த ஆய்வு இதுவரை வெளிக்கொணர்ந்தது என்ன, அதில் நாம் சேர்க்க வேண்டிய கேள்விகள் எவை என்பதை இக்கட்டுரை தொகுத்துத் தருகிறது.

பரளச்சியிலிருந்து பார்த்தால்

விருதுநகர் மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில், அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் உரிய வானம் பார்த்த பூமியில் உள்ளது பரளச்சி. கண்மாய் நிறைந்தால் வேளாண்மை, நிறையாவிட்டால் சீமைக் கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடும் கூலி வேலை என்பதே இவ்வட்டாரத்தின் வாழ்க்கை முறை. 2018இல் ஒன்றிய அரசு நாடு முழுவதும் 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' என்று பட்டியலிட்டபோது, தமிழ்நாட்டிலிருந்து அதில் இடம்பெற்ற இரு மாவட்டங்கள் விருதுநகரும் இராமநாதபுரமும் ஆகும். நிலமற்ற குடும்பங்களுக்கு, குறிப்பாகத் தலித் குடும்பங்களுக்கு, வெளியூர்ப் பிழைப்பே இங்கு நெடுங்காலமாக வழி. முன்பு இலங்கைத் தேயிலைத் தோட்டம், பின்பு திருப்பூரும் கோவையும், இன்று அவற்றோடு வளைகுடாவும் மலேசியாவும் சிங்கப்பூரும்.

இவ்வாறு கடல் கடந்து போகும் ஒருவர் முதன்முதலில் சந்திக்கும் ஒன்றிய அரசு அலுவலகம் வெளியுறவு அமைச்சகத்தின்கீழ் இயங்கும் மதுரை மண்டலப் பாஸ்போர்ட் அலுவலகமாகவே இருக்கும். பயணத்துக்கு முந்தைய குடிபெயர்வு அனுமதி, அயல்நாட்டில் ஊதியம் மறுக்கப்பட்டால் முறையிடும் இடம், சிறைப்பட்டால் சட்ட உதவி, இறந்தால் உடலை ஊர் கொண்டுவரும் ஏற்பாடு ஆகிய அனைத்தும் அதே அமைச்சகத்தின் பொறுப்பு. வெளிநாடுவாழ் இந்தியர் விவகார அமைச்சகம் என்று தனியே இருந்ததை 2016 ஜனவரியில் வெளியுறவு அமைச்சகத்தோடு இணைத்துவிட்டனர். எனவே, இன்று தொழிலாளியின் முழுப் பயணமும் ஒரே அமைச்சகத்தின் கணக்குப் புத்தகத்துக்குள் அடங்குகிறது. அந்த அமைச்சகத்தில் எத்தனை பேர் வேலை பார்க்கிறார்கள், அவர்கள் யார், எதற்காகச் செலவிடுகிறார்கள் என்பது பரளச்சிக்கும் உரிய கேள்வி.

நிலைக்குழு என்பது என்ன?

அரசமைப்புச் சட்டத்தின் 113ஆவது உறுப்பின்படி, ஒவ்வோர் அமைச்சகமும் தனக்கு வேண்டிய பணத்தை 'மானியக் கோரிக்கை' வடிவில் மக்களவையின் முன் வைத்து ஒப்புதல் பெற வேண்டும். 543 உறுப்பினர் கொண்ட அவை, சில நாள்களுக்குள் எல்லா அமைச்சகங்களின் கோரிக்கைகளையும் வரி வரியாக விவாதிக்க இயலாது. ஆகவே 1993இல் துறைசார் நிலைக்குழுக்கள் அமைக்கப்பட்டன. தொடக்கத்தில் 17 ஆக இருந்த இக்குழுக்கள் 2004இல் 24 ஆக உயர்ந்தன. அவற்றுள் ஒன்று வெளியுறவுக்கான நிலைக்குழு. ஒவ்வொரு குழுவிலும் மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர் என 31 உறுப்பினர்கள் இருப்பர். அமைச்சர்கள் உறுப்பினராக முடியாது. குழுவின் பதவிக்காலம் ஓராண்டு.

பிப்ரவரி முதல் நாளில் வரவுசெலவுத் திட்டம் தாக்கலான பின், அவைகள் சில வாரங்கள் இடைவேளையில் இருக்கும்போது நிலைக்குழுக்கள் கூடுகின்றன. வெளியுறவுச் செயலரும் மூத்த அலுவலர்களும் குழுவின் முன் வந்து விடையளிக்க வேண்டும். சென்ற ஆண்டு ஒதுக்கியது எவ்வளவு, திருத்திய மதிப்பீடு எவ்வளவு, உண்மையில் செலவானது எவ்வளவு, செலவாகாமல் திரும்பியது ஏன், எத்தனை பணியிடங்கள் காலி என்று குழு கேட்கிறது. பின்னர் அறிக்கை அவையில் வைக்கப்படுகிறது. அரசு மூன்று மாதங்களுக்குள், ஒவ்வொரு பரிந்துரையின்மீதும் என்ன செய்தது என்று பதில் தர வேண்டும். அந்தப் பதிலை மதிப்பிட்டு 'நடவடிக்கை எடுத்த அறிக்கை' ஒன்றைக் குழு மீண்டும் வெளியிடுகிறது.

இம்முறைக்கு இரண்டு வரம்புகள் உண்டு. குழுவின் பரிந்துரைகள் அறிவுரைத் தன்மை கொண்டவை, அரசைக் கட்டுப்படுத்தா. அடுத்தது, அறிக்கை வந்தபின் மக்களவையில் நடப்பது. சில அமைச்சகங்களின் கோரிக்கைகள் மட்டுமே அவையில் விவாதிக்கப்படுகின்றன. ஒதுக்கப்பட்ட கடைசி நாளில், எஞ்சிய எல்லாக் கோரிக்கைகளும் விவாதமின்றி ஒரே மூச்சில் வாக்கெடுப்புக்கு விடப்படுகின்றன. நாடாளுமன்ற வழக்கில் இதற்குக் 'கில்லட்டின்' என்று பெயர். வெளியுறவு அமைச்சகத்தின் கோரிக்கை அவ்வாறு நிறைவேறும் ஆண்டுகளில், அதன் கணக்கை மக்கள் பிரதிநிதிகள் வரி வரியாகக் கேட்டறிந்த இடம் நிலைக்குழுவின் மூடிய அறை ஒன்றே. கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறக்கப்படுவதில்லை. அறிக்கைகள் பொதுவில் கிடைக்கின்றன. ஆனால் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும். தமிழில் படித்துப் பொதுவாழ்வில் ஈடுபடும் நம்மில் பலருக்கு இந்த அறிக்கைகள் அறிமுகமற்றுக் கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பணம்: ஒரு ரூபாயில் அரைக் காசுக்கும் குறைவு

2023–24இல் வெளியுறவு அமைச்சகத்துக்கு ஒதுக்கப்பட்டது ஏறத்தாழ 18,050 கோடி ரூபாய். ஒன்றிய அரசின் மொத்தச் செலவு மதிப்பீடு 45 லட்சம் கோடி. அதாவது 0.4 விழுக்காடு. பா.ஜ.க.வைச் சேர்ந்த பி.பி. சௌத்ரி தலைமையிலான நிலைக்குழு, 2023 மார்ச்சில் அளித்த அறிக்கையில், மிகக் குறைவாக நிதி பெறும் ஒன்றிய அமைச்சகங்களுள் ஒன்றாக இது இருப்பதைச் சுட்டி, மொத்த வரவுசெலவுத் திட்டத்தில் குறைந்தது 1 விழுக்காடு ஒதுக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஆளுங்கட்சி உறுப்பினர் தலைமையேற்ற குழுவே அரசிடம் இவ்வாறு கூறியது என்பது கருதத்தக்கது. 2025–26இல் ஒதுக்கீடு ஏறத்தாழ 20,517 கோடி. மொத்தச் செலவு 50.65 லட்சம் கோடி. விழுக்காடு மீண்டும் 0.4 தான். பரிந்துரைத்த 1 விழுக்காட்டை எட்டியிருந்தால் தொகை 50,000 கோடியைத் தாண்டியிருக்கும்.

இந்தப் பணம் எங்கே போகிறது? கணிசமான பங்கு அயல்நாடுகளுக்கான உதவி. 2025–26இல் இத்தலைப்பில் ஏறத்தாழ 5,483 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. அதில் பூட்டானுக்கு மட்டும் 2,150 கோடி. நேபாளத்துக்கு 700 கோடி. மாலத்தீவுக்கு 600 கோடி. இலங்கைக்கு 300 கோடி. எஞ்சியதில் தூதரகங்களை நடத்தும் செலவு, பாஸ்போர்ட் சேவை, ஐ.நா. முதலிய அமைப்புகளுக்கான பங்களிப்பு, பயிற்சி ஆகியவை அடங்கும்.

கோடிகளைப் பார்த்து, இவ்வளவு பணம் வெளிநாட்டுக்கா என்று கொதிப்பது எளிது. பணம் குறைவாக இருக்கும்போது எந்தப் பணி முதலில் வெட்டுப்படுகிறது என்று பார்ப்பதே பயனுள்ள வழி. ஒப்பந்தம் செய்துகொண்ட அண்டைநாட்டு நீர்மின் திட்டத்துக்கான தவணையை நிறுத்தினால் அது தூதரகச் சிக்கலாகும். ஒரு வளைகுடா நகரில் தொழிலாளர் நலப் பிரிவில் ஓர் எழுத்தர் இடம் காலியாகக் கிடந்தால், வரிசையில் நிற்கும் தொழிலாளியைத் தவிர எவருக்கும் அது தெரியாது. குறைந்த ஒதுக்கீட்டின் சுமை, குரலற்றவரின் தலையில் இறங்குவது இப்படித்தான்.

ஆட்கள்: 57 பிரிவுகளுக்கு 334 பேர்

பணத்தைவிடக் கூர்மையான குறைபாட்டை நிலைக்குழு பணியிடங்களில் கண்டது. 2023 அறிக்கையின்படி, இந்திய அயலகப் பணியின் அலுவலர் எண்ணிக்கை 1,011. அமைச்சகத்தின் மொத்தப் பணியாளர்களில் இது கால் பங்குக்கும் குறைவு. இவர்களுள் 667 பேர் அயல்நாட்டுத் தூதரகங்களிலும் 334 பேர் டெல்லித் தலைமையகத்திலும் பணிபுரிந்தனர். தலைமையகத்தில் இருந்த பிரிவுகள் 57. சராசரியாக ஒரு பிரிவுக்கு ஆறு அலுவலர்கள்கூட இல்லை. நம்மைவிடச் சிறிய பொருளாதாரமும் மதிப்பும் கொண்ட பல நாடுகளோடு ஒப்பிட்டாலும் இந்தியத் தூதுப்பணி ஆள்பற்றாக்குறை மிக்கது என்று குழு வருந்தியது.

இது புதிய கண்டுபிடிப்பன்று. 2008இலேயே பத்தாண்டுகளில் 300க்கும் மேற்பட்ட பணியிடங்களைக் கூட்ட அமைச்சரவை ஒப்புதல் தந்தது. சசி தரூர் தலைமையில் இருந்த நிலைக்குழு 2016இல் அயலகப் பணியின் ஆள்சேர்ப்பு, அமைப்பு, திறன் வளர்ப்பு ஆகியவற்றுக்கென்றே தனி அறிக்கை அளித்தது. தனித் தேர்வு ஒன்று வேண்டுமா, பணியின் இடைநிலையில் வெளியாட்களைச் சேர்க்கலாமா என்ற இரு கேள்விகள் அவ்வறிக்கையின் தலைப்பிலேயே இடம்பெற்றன.

கல்லூரி மாணவர்கள் இவ்விரு கேள்விகளையும் ஊன்றிக் கவனிக்க வேண்டும் என்கிறோம்.

யார் அந்த 1,011 பேர்?

நேரடி நியமனத்தில் பட்டியல் சாதியினருக்கு 15 விழுக்காடும் பழங்குடியினருக்கு 7.5 விழுக்காடும் இடஒதுக்கீடு உண்டு. அயலகப் பணிக்கு ஆட்கள் யூ.பி.எஸ்.சி. நடத்தும் குடிமைப் பணித் தேர்வு வழியே வருவதால் இவ்விதி அதற்கும் பொருந்தும். 1,011இல் 15 விழுக்காடு என்பது ஏறத்தாழ 150. அத்தனை பட்டியல் சாதி அலுவலர்கள் இன்று பணியில் உள்ளனரா? உள்ளவர்களில் எத்தனை பேர் தூதர்கள்? வாஷிங்டன், லண்டன், பெய்ஜிங், நியூயார்க் போன்ற முதன்மை இடங்களில் எத்தனை பேர்? தூதராக அமர்த்துவது இடஒதுக்கீட்டுச் சுழற்சிப் பட்டியலுக்கு உட்படாத தெரிவு. எனவே நுழைவில் கிடைத்த பங்கு உச்சியில் தானே வந்து சேராது. பணியிட எண்ணிக்கையை ஆராயும் குழு, அந்த எண்ணிக்கையைச் சமூக வாரியாகவும் நிலை வாரியாகவும் பிரித்துக் கேட்கும்போதே ஆய்வு முழுமை பெறும்.

வாய்ப்பு திறந்தபோது என்ன நிகழ்ந்தது என்பதற்கு வரலாற்றில் சான்று உண்டு. கேரளத்தின் உழவூரில் வறிய தலித் குடும்பத்தில் 1920இல் பிறந்த கே.ஆர். நாராயணன், இலண்டன் பொருளியல் பள்ளியில் படித்து, 1949இல் அயலகப் பணியில் சேர்ந்தார். தாய்லாந்து, துருக்கி, சீனா ஆகிய நாடுகளில் தூதராக இருந்தார். 1962 போருக்குப் பின் தாழ்ந்திருந்த சீன உறவு, மீண்டும் தூதர் நிலைக்கு உயர்ந்தபோது 1976இல் பெய்ஜிங்குக்கு அனுப்பப்பட்டவர் அவரே. பின்னர் அமெரிக்கத் தூதரானார். 1997இல் குடியரசுத் தலைவரானார். ஜெகஜீவன் ராமின் மகள் மீரா குமார் 1973இல் அயலகப் பணியில் சேர்ந்து, 1985இல் அரசியலுக்கு வந்து, 2009இல் மக்களவையின் முதல் பெண் சபாநாயகரானார். நிலைக்குழுக்களை நியமிக்கும் அதிகாரத்தில் பங்குள்ள அந்த இருக்கையில் முன்னாள் அயலகப் பணி அலுவலரான ஒரு தலித் பெண் அமர்ந்திருந்தார். இவ்விருவரையும் பெயர் சொல்லிப் பெருமைப்படுவதோடு நின்றுவிட முடியாது. இருவரின் பெயரையே திரும்பத் திரும்பச் சொல்ல நேர்வது நம் கேள்விக்கு வலுச் சேர்க்கிறது.

இப்போது அந்த இரு முன்மொழிவுகளுக்கு வருவோம். முதலாவது, இடைநிலையில் வெளியாட்களைச் சேர்ப்பது. 2024 ஆகஸ்ட் மாதத்தில், பல்வேறு அமைச்சகங்களில் இணைச் செயலர், இயக்குநர், துணைச் செயலர் நிலையிலான 45 இடங்களுக்கு நேரடியாக ஆளெடுக்க யூ.பி.எஸ்.சி. விளம்பரம் செய்தது. அவற்றில் இடஒதுக்கீடு இல்லை. ஒவ்வொன்றும் தனித்த ஒற்றைப் பணியிடம். ஒற்றைப் பணியிடத்துக்கு இடஒதுக்கீடு பொருந்தாது என்பதே இத்தகைய நியமனங்களுக்குச் சொல்லப்படும் விளக்கம். எதிர்ப்பு எழுந்ததும், சமூக நீதியைக் காரணம் காட்டி ஒன்றிய அரசே அவ்விளம்பரத்தைத் திரும்பப் பெறச் செய்தது. அயலகப் பணியின் பற்றாக்குறையை இதே வழியில் நிரப்பினால், நிரம்பும் ஒவ்வோர் இடமும் நம் பங்கைக் குறைத்தே நிரம்பும். ஆள்பற்றாக்குறை உண்மை, அதைத் தீர்க்கும் வழி நடுநிலையானதாக இருப்பதில்லை.

இரண்டாவது, தனித் தேர்வு. இன்றைய குடிமைப் பணி முதன்மைத் தேர்வை எட்டாம் அட்டவணை மொழிகளில் எதிலும் எழுதலாம். தமிழில் எழுதி, தமிழிலேயே நேர்காணலும் தரலாம். 1979இல், கோத்தாரி குழுவின் பரிந்துரையை ஒட்டி வந்த மாற்றம் இது. கிராமத்துப் பள்ளியில் தமிழ்வழி படித்த முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு அது திறந்த வாசல். தேர்வின் வடிவம் மாறினால் வாசலின் அகலமும் மாறும். 2011இல் முதல்நிலைத் தேர்வில் சேர்க்கப்பட்ட திறனறித் தாளை எதிர்த்து இந்திய மொழிவழி மாணவர்கள் போராடியதையும், 2015இல் அத்தாள் வெறும் தகுதித் தாளாக மாற்றப்பட்டதையும் நாம் மறக்கவில்லை. அயலகப் பணிக்குத் தனித் தேர்வு என்ற பேச்சு மீண்டும் எழும்போது, அது எந்த மொழியில், எந்தப் பின்னணியினரை மனத்திற்கொண்டு வடிவமைக்கப்படுகிறது என்று முதலில் கேட்க வேண்டியவர்கள் நாம்தாம்.

பணியாளர் கணக்கில் இன்னொரு மறைவான பகுதியும் உண்டு. பாஸ்போர்ட் சேவை மையங்களின் முகப்புப் பணிகள் 2008 ஒப்பந்தத்தின் வழியே தனியார் நிறுவனத்திடம் தரப்பட்டுள்ளன. பல நாடுகளில் விசா விண்ணப்பங்களைப் பெறுவதும் அவ்வாறே. ஒப்புதல் தரும் அதிகாரம் அரசு அலுவலரிடமே உள்ளது. ஆனால் ஒருகாலத்தில் எழுத்தர், உதவியாளர் என அரசுப் பணியிடங்களாக இருந்திருக்கக்கூடியவை தனியார் பணிகளாகிவிட்டன. அங்கு இடஒதுக்கீடு கிடையாது.

கடைக்கோடியில் நிற்பவர்

வளைகுடாவின் ஆறு நாடுகளில் வாழும் இந்தியர் ஏறத்தாழ 90 லட்சம் பேர். பத்தாம் வகுப்புத் தேறாதவருக்கு வழங்கப்படும் பாஸ்போர்ட்டில், குடிபெயர்வு அனுமதி தேவை என்ற நிலை குறிக்கப்படுகிறது. 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, அத்தகையோர் சவூதி அரேபியா, குவைத், கத்தார், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்லக் குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி பெற வேண்டும். பள்ளியை இடையில் விட்டுக் கூலிக்குப் போனவர் யார் என்று எண்ணிப் பார்த்தால், இந்தச் சட்டம் யாருடைய சட்டம் என்பது விளங்கும். அனுமதிக் கட்டணம் 200 ரூபாய். பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்குரிய வரியும். 10 லட்சம் ரூபாய் காப்பீடு தரும் 'பிரவாசி பாரதிய பீமா யோஜனா'வின் தவணை இரண்டாண்டுக்கு 275 ரூபாய், மூன்றாண்டுக்கு 375 ரூபாய். ஊரில் தரகருக்குக் கொடுக்கும் தொகையையும் இந்தச் சட்டத் தொகைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், சட்டத்துக்கும் நடப்புக்கும் உள்ள இடைவெளி தெரியும். சுற்றுலா விசாவில் அனுப்பப்படுவோர் இந்தப் பாதுகாப்பு வளையத்துக்குள் வருவதே இல்லை.

2024 ஜூன் 12 அன்று குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில் ஏற்பட்ட தீயில் 45 இந்தியர்கள் இறந்தனர். அவர்களுள் 7 பேர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள். விமானப்படை விமானத்தில் உடல்கள் கொச்சிக்குக் கொண்டுவரப்பட்டன. நாடே பார்த்த விபத்து என்பதால் அரசு இயந்திரம் விரைந்தது. மாரடைப்பிலும் கட்டுமான விபத்திலும் தற்கொலையிலும் ஒவ்வொருவராக இறப்போரின் உடலுக்காகக் குடும்பங்கள் காத்திருக்கும்போது, அந்த விரைவு கிடைக்க வேண்டுமானால் தூதரகத்தில் ஆள் இருக்க வேண்டும். தமிழில் பேசினால் புரிந்துகொள்ளும் ஆள் இருக்க வேண்டும்.

இத்தகைய உதவிகளுக்கென 2009இல் இந்தியச் சமூக நல நிதி உருவாக்கப்பட்டது. உடலை அனுப்புதல், தங்குமிடம், சட்ட உதவி, ஊர் திரும்ப விமானச் சீட்டு ஆகியவை இதிலிருந்து வழங்கப்படலாம். தூதரகச் சேவைகளுக்கு மக்களிடம் வசூலிக்கும் கட்டணத்தின்மீது விதிக்கும் சிறு கூடுதல் தொகையே இந்நிதிக்கான முதன்மை வருவாய். தொழிலாளியின் துயரத்துக்கான செலவைத் தொழிலாளர் தாமே பெருமளவு சுமக்கின்றனர் என்பது இதன் பொருள். இந்நிதி ஒவ்வொரு தூதரகத்திலும் ஆண்டுதோறும் எவ்வளவு சேர்ந்தது, எவ்வளவு செலவானது, எவ்வளவு தேங்கிக் கிடக்கிறது, எத்தனை விண்ணப்பங்கள் மறுக்கப்பட்டன என்பவை நிலைக்குழு வழியே ஆண்டுதோறும் பொதுவில் வர வேண்டிய எண்கள். 1983ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக 2021இலும் 2025இலும் வரைவுகள் மக்கள் கருத்துக்கு வெளியிடப்பட்டன. புதிய சட்டம் எதுவாயினும், அதை நடத்த எத்தனை பணியிடங்கள், எவ்வளவு பணம் என்பது மானியக் கோரிக்கையில்தான் தீர்மானமாகும்.

மலையகமும் ஜெனீவாவும்

அயல்நாட்டு உதவித் தலைப்பிலும் நம் மக்கள் இருக்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டில் இராமநாதபுரம், மதுரை, திருச்சி பகுதிகளிலிருந்து இலங்கையின் காபி, தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்றோரில் பெரும் பகுதியினர் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள். அவர்களின் வழித்தோன்றல்களான மலையக மக்களில் பலர் இன்றும் லயன் அறைகளில் வாழ்கின்றனர். இந்திய உதவியில் இலங்கையில் கட்டத் திட்டமிடப்பட்ட முதல் 50,000 வீடுகளில் 46,000 வடக்கு, கிழக்கு மாகாணங்களுக்கும் 4,000 மலையகத்துக்கும் ஒதுக்கப்பட்டன. 2017 மே மாதத்தில் மலையகத்துக்கு மேலும் 10,000 வீடுகள் அறிவிக்கப்பட்டன. அவற்றின் முதற்கட்டமான 1,300 வீடுகளுக்கான பணி 2024 பிப்ரவரியில்தான் தொடங்கியது. அறிவிப்புக்கும் தொடக்கத்துக்கும் இடையே ஏறத்தாழ ஏழு ஆண்டுகள். இலங்கையின் நிலச் சிக்கலும் பொருளாதார நெருக்கடியும் காரணங்களாக இருக்கலாம். இலங்கைக்கான ஒதுக்கீட்டை ஆராயும்போது, எத்தனை குடும்பம் லயன் அறையை விட்டு வெளியேறியது என்ற எண்ணையும் குழு கேட்டுப் பெற வேண்டும்.

ஐ.நா. அரங்கில் அமைச்சகம் செலவிடும் உழைப்பும் நமக்குத் தொடர்புடையது. 2001இல் டர்பனில் நடந்த இனவெறிக்கு எதிரான உலக மாநாட்டில் சாதியப் பாகுபாட்டைப் பேசுபொருளாக்கத் தலித் அமைப்புகள் முயன்றன. சாதி இனம் ஆகாது என்ற நிலைப்பாட்டை இந்தியா எடுத்தது. அன்றைய வெளியுறவு இணையமைச்சர் உமர் அப்துல்லா அதை மாநாட்டில் முன்வைத்தார். அடுத்த ஆண்டே, இனப்பாகுபாட்டு ஒழிப்புக்கான ஐ.நா. குழு தனது 29ஆவது பொதுப் பரிந்துரையில், பிறப்பு வழிப் பாகுபாடு என்பது சாதியையும் உள்ளடக்கும் என்று தெளிவுபடுத்தியது. பன்னாட்டுத் தலித் ஒருமைப்பாட்டு வலையமைப்பு ஐ.நா. ஆலோசனைத் தகுதிக்கு 2008இல் விண்ணப்பித்தது. இந்தியத் தரப்பு மீண்டும் மீண்டும் கேள்விகளை எழுப்பியதால் விண்ணப்பம் தேங்கியது; 2022 டிசம்பரில் வாக்கெடுப்பின் வழியே அத்தகுதி கிடைத்தது. இடைப்பட்ட 14 ஆண்டுகளில் அந்தக் கேள்விகளை எழுதிய அலுவலர்களின் ஊதியமும் நாம் ஒப்புதல் தந்த மானியக் கோரிக்கையில் இருந்து வந்ததே. வளைகுடாவில் ஆளில்லை என்று சொல்லும் அமைச்சகத்துக்கு ஜெனீவாவிலும் நியூயார்க்கிலும் இதற்கு ஆள் கிடைத்தது.

பிற நாட்டுப் படிப்பினை

தூதுப்பணியின் சமூக முகத்தை நாடாளுமன்றம் கேட்பது புதுமையன்று. அமெரிக்காவின் 1980ஆம் ஆண்டு அயலகப் பணிச் சட்டம், அப்பணி அமெரிக்க மக்களைப் பிரதிபலிப்பதாக இருக்க வேண்டும் என்று வெளிப்படையாகக் கூறுகிறது. அந்நாட்டு நாடாளுமன்றத்துக்காகத் தணிக்கை செய்யும் அரசுப் பொறுப்புடைமை அலுவலகம், 2020 ஜனவரியில் வெளியிட்ட ஆய்வில், வெளியுறவுத் துறையின் நிரந்தரப் பணியாளர்களில் சிறுபான்மை இனத்தவரின் பங்கு 2002க்கும் 2018க்கும் இடையே 28 விழுக்காட்டிலிருந்து 32 ஆக உயர்ந்ததையும், அதே காலத்தில் ஆப்பிரிக்க அமெரிக்கரின் பங்கு 17 விழுக்காட்டிலிருந்து 15 ஆகக் குறைந்ததையும் காட்டியது. மொத்த எண் உயர்ந்தபோதும் ஒரு பிரிவினர் பின்தள்ளப்பட்டதைப் பிரித்துப் பார்த்த கணக்கே வெளிப்படுத்தியது. இடஒதுக்கீட்டை அரசமைப்பிலேயே கொண்ட நாடான நமக்கு இத்தகைய கணக்கைக் கேட்பதில் தயக்கம் எதற்கு?

நாம் செய்யக்கூடியவை

திருச்சுழி சட்டமன்றத் தொகுதி இராமநாதபுரம் மக்களவைத் தொகுதிக்குள் வருகிறது. அருப்புக்கோட்டை விருதுநகர் மக்களவைத் தொகுதிக்குள் வருகிறது. ஆகவே இவ்வட்டாரத்துக்கு இரண்டு மக்களவை உறுப்பினர்கள் உள்ளனர். அவர்கள் வெளியுறவு நிலைக்குழுவில் இடம்பெறாவிட்டாலும், அவையில் எழுத்துமூலக் கேள்வி கேட்க முடியும். குறைந்தது 15 நாள் முன்னறிவிப்போடு கேள்வியைத் தர வேண்டும் என்பதால், கூட்டத்தொடருக்கு முன்பே கேள்விகளை எழுதி அவர்களிடம் அளிப்பது நல்லது.

வேறு வாயில்களும் உண்டு. பட்டியல் சாதி, பழங்குடியினர் நலனுக்கான நாடாளுமன்றக் குழு 1968 முதல் இயங்குகிறது; மக்களவையின் 20, மாநிலங்களவையின் 10 உறுப்பினர்கள் கொண்ட அக்குழு எந்த அமைச்சகத்தின் பணி நியமனத்தையும் ஆராயலாம். ஒவ்வோர் அமைச்சகத்திலும் இடஒதுக்கீட்டைக் கண்காணிக்கத் தொடர்பு அலுவலர் இருக்க வேண்டும். பணியிட அடிப்படையிலான சுழற்சிப் பதிவேடும் இருக்க வேண்டும். அவற்றின் விவரங்களை 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கலாம். 338ஆவது உறுப்பின்கீழ் அமைந்த தேசியப் பட்டியல் சாதியினர் ஆணையத்துக்கும் எழுதலாம்.

அனைத்திலும் நாம் முன்வைக்கப் பரிந்துரைக்கும் கேள்விகள் ஐந்து.

1. அயலகப் பணியின் ஒவ்வொரு நிலையிலும் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் எத்தனை பேர்? நிரப்பப்படாத பின்னடைவுப் பணியிடங்கள் எத்தனை? தூதரகத் தலைவர்களில் எத்தனை பேர்?

2. இடைநிலை நேரடி நியமனத்திலும் ஒப்பந்த ஆலோசகர் நியமனத்திலும் இடஒதுக்கீடு பின்பற்றப்படுகிறதா?

3. வளைகுடா, மலேசியா, சிங்கப்பூர் தூதரகங்களின் தொழிலாளர் நலப் பிரிவுகளில் அனுமதிக்கப்பட்ட இடங்கள் எத்தனை, காலியிடங்கள் எத்தனை, தமிழ் அறிந்தோர் எத்தனை பேர்?

4. இந்தியச் சமூக நல நிதியின் வரவு, செலவு, இருப்பு ஒவ்வொரு தூதரகத்திலும் எவ்வளவு?

5. மலையக வீட்டுத் திட்டத்தில் முடிக்கப்பட்டு ஒப்படைக்கப்பட்ட வீடுகள் எத்தனை?

வெளியுறவு அமைச்சகத்துக்கு 1 விழுக்காடு வேண்டும் என்ற நிலைக்குழுவின் பரிந்துரையை நாம் ஆதரிக்கலாம். ஆனால் நிபந்தனையோடு ஆதரிக்க வேண்டும். கூடும் ஒவ்வொரு பணியிடமும் இடஒதுக்கீட்டுப் பதிவேட்டில் ஏற வேண்டும். கூடும் ஒவ்வொரு கோடியிலும் தொழிலாளர் நலப் பிரிவுக்கு உரிய பங்கு குறிக்கப்பட வேண்டும். அடுத்த வரவுசெலவுத் திட்டம் தாக்கலாகும்போது சமூக நீதி அமைச்சகத்தின் பக்கத்தோடு வெளியுறவு அமைச்சகத்தின் பக்கத்தையும் எடுத்துப் படிப்போம். நிலைக்குழு அறிக்கை வெளியானதும் ஒவ்வொரு கல்லூரி வாசகர் வட்டமும் ஒரு பகுதியையேனும் தமிழாக்கித் தம் ஊரில் படித்துக்காட்டட்டும். ஐந்து கேள்விகளில் ஒன்றுக்கு விடை கிடைத்தாலும், அது அடுத்த ஆண்டின் மானியக் கோரிக்கையில் நாம் பற்றிக்கொள்ளும் பிடியாகும்.